‘யாரும் அறியாத இடம்’ யாருக்கு? லேக் பவல் ஏரியின் கதை

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில், செம்பாறைப் பாலைவனத்தின் நடுவே லேக் பவல் என்றொரு ஏரி இருக்கிறது. ஏரி என்றதும் கரை போட்ட வட்டமான நீர்ப்பரப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். கொலராடோ ஆறு பல லட்சம் ஆண்டுகளாக அறுத்துவைத்த பள்ளத்தாக்கின் குறுக்கே 710 அடி உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பித் தேக்கிய தண்ணீர் அது. ஆறு வளைந்த இடத்தில் எல்லாம் ஏரியும் வளைகிறது. நிரம்பியிருக்கும்போது அதன் நீளம் 186 மைல், அதாவது ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இருபக்கமும் கிளைப் பள்ளத்தாக்குகளுக்குள் விரல்விரலாகத் தண்ணீர் நுழைந்திருப்பதால் கரையின் நீளம் 1,900 மைலைத் தாண்டுகிறது.

இவ்வளவு நீளமான கரையில் சாலை வந்து தொடும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாவீப், புல்ஃப்ராக், ஹால்ஸ் கிராசிங் போன்ற சில படகுத்துறைகளை விட்டால் மற்ற இடமெல்லாம் படகில்தான் போக வேண்டும். அதுதான் விடுமுறைக்காரர்களை இழுக்கிறது. ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வருகிறார்கள். சமையலறை, குளிர்சாதனம், மாடியிலிருந்து தண்ணீருக்குள் சறுக்கும் பலகை எல்லாம் உள்ள படகுவீடுகளை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். பின்னால் ஒரு சிறிய மோட்டார் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு ஏதாவது ஒரு கிளைப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து, மணலில் நங்கூரத்தைப் புதைத்து, கரையில் கூடாரம் அடிக்கிறார்கள். ஊர் வெளிச்சமே எட்டாத இடம் என்பதால் இரவில் பால்வீதி தலைக்கு மேல் ஓடும். படங்களைப் பார்க்கும் யாருக்கும் ஒருமுறை போய்வரலாமே என்றுதான் தோன்றும். அந்த ஆசையைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. நங்கூரம் விழும் இடத்தில் முன்பு என்ன இருந்தது, யாருடையதாக இருந்தது என்பதுதான் என் விஷயம்.

ஏரியின் தென்பகுதியில் படகுகள் விரும்பித் தங்கும் விரிகுடா ஒன்றுக்குப் பாட்ரே பே என்று பெயர். பாட்ரே என்றால் ஸ்பானிய மொழியில் பாதிரியார். 1776ஆம் ஆண்டு டொமிங்கெஸ், எஸ்கலாந்தே என்ற இரண்டு பாதிரியார்கள் சாண்டா ஃபேயிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வழி தேடிக் கிளம்பி, வழி கிடைக்காமல் திரும்பும்போது இந்தப் பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டார்கள். உணவு தீர்ந்து, சவாரி செய்த குதிரைகளையே கொன்று தின்ற நிலை. ஆற்றைக் கடக்க ஒரே ஒரு ஆழமற்ற துறை இருந்தது. நவம்பர் 7ஆம் தேதி பாறையில் படி வெட்டி, குதிரைகளை இறக்கிக் கடந்தார்கள். அன்றிலிருந்து அது ‘பாதிரியார்கள் கடந்த துறை’ ஆகிவிட்டது. யூட், பையூட் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடந்துகொண்டிருந்த துறை அது. ஆயிரம் முறை கடந்தவர்களின் பெயர் துறைக்கு ஒட்டவில்லை, ஒருமுறை தட்டுத்தடுமாறிக் கடந்த இருவரின் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது துறையும் வெட்டிய படிகளும் விரிகுடாவின் அடியில்.

இந்த வட்டாரம் பூர்வகுடிகளுக்கு வெறும் வழித்தடமாக மட்டும் இருக்கவில்லை. 1863-64இல் அமெரிக்க ராணுவம் கிட் கார்சன் தலைமையில் நவஹோ மக்களின் சோளக்கொல்லைகளை எரித்து, பீச் மரங்களை வெட்டி, பட்டினி போட்டுப் பணியவைத்தது. 8,000க்கும் மேற்பட்டோர் நியூ மெக்சிகோவின் போஸ்க் ரெதோண்டோ முகாமுக்கு நூற்றுக்கணக்கான மைல் நடத்திச் செல்லப்பட்டார்கள். ‘நீண்ட நடை’ என்று அவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். அப்போது பிடிபடாமல் தப்பிய குழுக்களில் ஒன்று ஹோஸ்கினினி என்ற தலைவரோடு நவஹோ மலைப்பக்கம் ஓடியது. அந்த மலையின் வடக்கு அடிவாரம்தான் இன்று ஏரியின் தென்கரை. புல் விதைகளைச் சேகரித்துத் தின்று, இருந்த சில ஆடுகளைக் கொல்லாமல் பெருக்கி, மற்றவர்கள் முகாமிலிருந்து திரும்பும்வரை நான்கு ஆண்டுகள் அவர்கள் அங்கே தாக்குப்பிடித்தார்கள். அரசாங்கத்தின் கை எட்டாத இடம் என்பதுதான் அந்தப் பள்ளத்தாக்குகளின் மதிப்பு. இன்று விடுமுறைக்காரர்களும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே போகிறார்கள், கைபேசிக் கோபுரம் எட்டாத இடம் என்று.

1868 ஜூன் 1ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாகி நவஹோ மக்கள் ஊர் திரும்பினார்கள். முகாமில் செத்தவர்கள் சுமார் 2,000 பேர். ஒப்பந்தப்படி அரசு அவர்களுக்கு விதை, உழவுக் கருவிகள், 15,000 ஆடுகள் தர ஒப்புக்கொண்டது. இந்த ஆடுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகின்றன.

அடுத்த ஆண்டு, 1869இல், ஜான் வெஸ்லி பவல் பத்துப் பேர் கொண்ட குழுவோடு நான்கு படகுகளில் இந்த ஆற்றில் இறங்கினார். உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு பாறை ஏறி அளந்தவர் என்பதால் அமெரிக்கப் பாடநூல்களில் அவருக்கு நாயக இடம் உண்டு. கிளென் கேன்யன் என்று பள்ளத்தாக்குக்குப் பெயர் வைத்ததும் அவர்தான், அதை மூழ்கடித்த ஏரிக்கு வைக்கப்பட்டதும் அவர் பெயர்தான். அவர் மனசாட்சியுள்ள அறிவாளி. மேற்கின் வறண்ட நிலத்துக்குப் போதுமான தண்ணீர் கிடையாது, கண்டபடி குடியேறினால் வழக்கும் சண்டையும்தான் மிஞ்சும் என்று 1893இல் பாசன மாநாட்டில் சொல்லி, கூட்டத்தின் கூச்சலை வாங்கிக்கட்டிக்கொண்டவர்.

ஆனால் சமூகவியல் முதுகலை படித்தவர்களுக்கு பவலின் இன்னொரு முகமும் தெரிந்திருக்கும். லூயிஸ் ஹென்றி மோர்கன் என்பவர் மனிதகுலத்தைக் காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்று படிக்கட்டாக அடுக்கினார். வகுப்பில் நாங்கள் இதை வெறும் ‘பரிணாமக் கோட்பாடு’ என்று மனப்பாடம் செய்தோம். பவல் அந்தப் படிக்கட்டை அப்படியே நம்பியவர். 1879இல் தொடங்கிய அமெரிக்க அரசின் இனவியல் அலுவலகத்துக்கு அவரே முதல் தலைவர். அதற்கு முன்பே, 1873இல், யூட், பையூட் மக்களைப் பற்றி விசாரிக்க அனுப்பப்பட்டு, அவர்களைத் திரட்டி ஒதுக்கிடங்களில் குடியமர்த்த வேண்டும் என்று பரிந்துரைத்தார். அந்த மக்களின் மொழியைக் கற்றவர், கதைகளைப் பொறுமையாக எழுதிக்கொண்டவர், அவர்களோடு உண்டு உறங்கியவர். அன்புக்குக் குறைவில்லை. நிலம் யாருக்கு என்ற கேள்வி வந்தபோது மட்டும் படிக்கட்டு முன்னால் வந்து நின்றது.

தண்ணீர் கதைக்கு வருவோம். 1922 நவம்பரில் சாண்டா ஃபேயில் ஏழு மாநிலப் பிரதிநிதிகள் கூடி, ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் கொலராடோ ஆற்றைப் பங்குபோட்டார்கள். மேல்பகுதி மாநிலங்களுக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்பகுதிக்கு 75 லட்சம். ஒரு ஏக்கர்-அடி என்பது ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். அந்த ஆண்டுகள் வழக்கத்துக்கு மாறாக மழை பெய்த ஆண்டுகள் என்பதால் கணக்கே தப்பு, ஆற்றில் அவ்வளவு தண்ணீர் கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. இன்று எல்லாரும் பேசுவது இந்தக் கணக்குத் தப்பைப் பற்றித்தான். ஆற்றுப் படுகையில் வாழும் பழங்குடி அரசுகள், இன்றைய எண்ணிக்கையில் 30, ஒன்றுக்கும் அந்த மேசையில் நாற்காலி இல்லை. இந்தியப் பழங்குடிகளுக்கு அமெரிக்க அரசு பட்டிருக்கும் கடமைகளை இந்த உடன்படிக்கை பாதிக்காது என்று ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டு எழுந்துபோனார்கள். கவனியுங்கள், அவர்களுக்கு உரிமை இல்லை என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. ஒதுக்கிடத்தை உருவாக்கும்போதே அதற்கான தண்ணீரும் சேர்ந்து ஒதுக்கப்பட்டதாகத்தான் அர்த்தம் என்று 1908லேயே வின்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. உரிமை காகிதத்தில் இருந்தது, அளவு எழுதப்படவில்லை. அளவு எழுதாத உரிமையை வைத்து ஒரு குடம் மொள்ள முடியாது.

பையூட் மக்களின் கதி இதைவிட மோசம். நவஹோ மலையை ஒட்டிய நிலத்துண்டு ஒன்று 1907இல் சான் ஹுவான் பையூட்டுகளுக்கு ஒதுக்கப்பட்டது. 1922இல், ஆற்றைப் பங்குபோட்ட அதே ஆண்டில், அது திரும்பப் பெறப்பட்டு அரசுப் புறம்போக்கானது. 1933இல் நவஹோ ஒதுக்கிடத்தோடு சேர்க்கப்பட்டது. தங்களைத் தனி மக்களாக மத்திய அரசு ஏற்றுக்கொள்ளவே பையூட்டுகள் 1989வரை போராட வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்டவருக்குள்ளும் மேல் கீழ் உண்டு, எண்ணிக்கையில் பெரியவர்களின் பெயரிலேயே எல்லாம் எழுதப்படும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இப்போது ஆடுகள். 1930களில் கொலராடோவின் கீழ்ப்பகுதியில் ஹூவர் அணை எழுந்துகொண்டிருந்தது. நவஹோ நிலத்தில் ஆடுகள் அதிகமாக மேய்வதால் மண் அரித்து ஆற்றில் கலக்கிறது, வண்டல் சேர்ந்து அணை தூர்ந்துவிடும் என்று பொறியாளர்கள் பயந்தார்கள். மேய்ச்சலால் நிலம் கெட்டிருந்தது உண்மைதான். அதற்கு ஜான் காலியரின் இந்திய விவகாரத் துறை கண்ட வழி, மந்தைகளைப் பாதிக்கும் கீழே குறைப்பது. வாங்கிய ஆடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லாத இடங்களில் சுட்டுப் பள்ளத்தாக்குகளில் அழுகவிட்டார்கள். நவஹோ மக்கள் தாய்வழிச் சமூகம், மந்தைகளில் பெரும்பங்கு பெண்களின் சொத்து. குறைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த பழங்குடி மன்றம். காலியர் கெட்டவர் இல்லை, பழங்குடிப் பண்பாட்டைக் காப்பதற்காகப் பெயர்வாங்கிய சீர்திருத்தவாதி. அந்தத் தலைமுறை நவஹோ பாட்டிகள் அவர் பெயரைக் கிட் கார்சனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள் என்றால் அதற்குக் காரணம் ஆடுகள்.

அடுத்த அணைதான் நம்முடையது. 1956 ஏப்ரலில் கொலராடோ நீர்த்தேக்கத் திட்டச் சட்டம் நிறைவேறியது. முதலில் வடக்கே, டைனோசர் தேசிய நினைவிடத்துக்குள் எக்கோ பார்க் என்ற இடத்தில் ஓர் அணை கட்டுவதாக இருந்தது. சியரா கிளப் தலைவர் டேவிட் ப்ரௌவர் தலைமையில் இயற்கை ஆர்வலர்கள் அதை எதிர்த்து வென்றார்கள். அந்த வெற்றிக்கான பேரத்தில் கிளென் கேன்யன் அணையை எதிர்க்காமல் விட்டார்கள். அப்போது ப்ரௌவர் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தது கூட இல்லை. பிறகு போய்ப் பார்த்தார், திகைத்தார், சாகும்வரை வருந்தினார். 1963இல் மதகு மூடப்பட்ட ஆண்டில், எலியட் போர்ட்டரின் புகைப்படங்களோடு சியரா கிளப் ஒரு புத்தகம் போட்டது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘யாரும் அறியாத இடம்’. அமெரிக்கச் சூழலியல் இயக்கத்தின் புனித நூல்களில் ஒன்று அது. அணை கட்டியவர்கள் அங்கே காலியிடத்தைப் பார்த்தார்கள், அணைக்காக அழுதவர்கள் கன்னி நிலத்தைப் பார்த்தார்கள். நீரில் மூழ்குமுன் அவசரமாக நடந்த தொல்லியல் ஆய்வு மட்டும் அந்தப் பள்ளத்தாக்கில் 2,000க்கும் அதிகமான இடங்களைப் பதிவு செய்தது. வீடுகள், தானியக் குதிர்கள், பாறை ஓவியங்கள், கால்வைத்து ஏறப் பாறையில் கொத்திய குழிகள். ஹோப்பி மக்கள் இவற்றைத் தங்கள் முன்னோரின் கால்தடம் என்கிறார்கள். யாரும் அறியாத இடத்தில் இத்தனை பேர் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இந்தச் சட்டம் நிறைவேறிய நாளில் யூட்டாவின் ஒதுக்கிடங்களில் வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு வாக்குரிமை கிடையாது. ஒதுக்கிடத்தில் இருப்பவர் மாநிலக் குடியிருப்பாளர் ஆகமாட்டார் என்று யூட்டாவின் உச்ச நீதிமன்றமே 1956இல் தீர்ப்பளித்தது. வழக்கு வாஷிங்டனுக்குப் போன பிறகு, 1957இல்தான் மாநிலம் அந்தச் சட்டத்தை நீக்கியது. அரிசோனாவில் 1948வரை இதே கதை. அணையின் ஒரு கரைக்காரர்கள் அணைக்கு ஆதரவாகவோ எதிராகவோ ஒரு சட்டமன்ற உறுப்பினரைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாத காலத்தில் அணை முடிவானது.

அதற்காக நவஹோ மக்கள் எல்லாரும் அணைக்கு எதிராக நின்றார்கள் என்று எழுதினால் அது நம் வசதிக்காக எழுதுவதாகிவிடும். பழங்குடித் தலைமை அன்று இந்தத் திட்டங்களிலிருந்து வேலையும் பாசனமும் எதிர்பார்த்தது. நியூ மெக்சிகோவில் 1,10,000 ஏக்கர் நவஹோ பாசனத் திட்டம் வாக்களிக்கப்பட்டது. 1962இல் ஒரே சட்டத்தில் இரண்டு திட்டங்கள் சேர்த்து நிறைவேறின. நவஹோ பாசனம் ஒன்று, அதே சான் ஹுவான் ஆற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து மறுபக்கம் ரியோ கிராண்டே நகரங்களுக்குக் கொண்டுபோகும் திட்டம் இன்னொன்று. நகரங்களுக்கு 1970களின் தொடக்கத்திலேயே தண்ணீர் ஓடியது. நவஹோ வயலுக்கு முதல் தண்ணீர் 1976இல் வந்தது, திட்டம் பல பத்தாண்டுகள் கழித்தும் முழுமையாக முடியவில்லை.

அணைத் தொழிலாளர்களுக்காக ஒரு நகரமே தேவைப்பட்டது. நவஹோ நிலத்திலிருந்த மேட்டுச் சமவெளி ஒன்றை 1958 சட்டத்தின் மூலம் அரசு எடுத்துக்கொண்டு, பதிலுக்கு யூட்டாவில் வேறு நிலம் கொடுத்தது. அங்கே எழுந்த ஊர்தான் பேஜ், இன்று லேக் பவல் சுற்றுலாவின் தலைவாசல். ஏரியின் தென்கரை நெடுக நவஹோ நிலம் என்று வரைபடத்தில் இருக்கும். நுணுக்கமாகப் பார்த்தால் கடல் மட்டத்திலிருந்து 3,720 அடி உயரக் கோட்டோடு அது நின்றுவிடுகிறது. ஏரி நிரம்பும் மட்டம் 3,700 அடி. கோட்டை யார் போட்டார்களோ அவர்களுக்கு அளவுகோல் பிடிக்கத் தெரிந்திருந்தது. தண்ணீரைத் தொடும் அந்தக் கடைசிக் கரைப்பட்டை நவஹோ கையில் இல்லை.

1963 மார்ச் 13ஆம் தேதி தண்ணீர் தேங்கத் தொடங்கியது. நிரம்ப 17 ஆண்டுகள் ஆயின. 1980 ஜூனில்தான் முதல்முறையாக முழு மட்டத்தைத் தொட்டது. இடையில், 1972இல், ஏரியும் சுற்றுநிலமும் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாக அறிவிக்கப்பட்டன.

ஏறும் தண்ணீர் 1970களின் தொடக்கத்தில் ரெயின்போ பிரிட்ஜை நெருங்கியது. 290 அடி உயரம் எழும்பி வளைந்து நிற்கும் இயற்கைக் கல்வளைவு அது. நவஹோ மக்களுக்கு அது கல்லாகி நிற்கும் வானவில், மழைக்காகப் பாடும் இடம். பையூட், ஹோப்பி உள்ளிட்ட மற்ற மக்களுக்கும் அது புனிதம். 1909 ஆகஸ்டில் பூர்வகுடி வழிகாட்டிகள் இரண்டு வெள்ளை ஆய்வாளர் குழுக்களை அங்கே கூட்டிப்போனார்கள், அடுத்த நாள் முதல் அது ‘கண்டுபிடிக்கப்பட்டது’. 1910இல் தேசிய நினைவிடம் ஆனது. குதிரையில் பல நாள் போக வேண்டிய அந்த இடத்துக்கு ஏரி வந்த பிறகு காலையில் படகேறினால் மதியம் திரும்பிவிடலாம். அணைத்துறை இதை ஒரு சாதனையாகவே விளம்பரப்படுத்தியது. முன்பு சில நூறு பேர் பார்த்ததை இனி எல்லாரும் பார்க்கலாம் என்று. ஜனநாயகம் போலத்தான் ஒலிக்கிறது.

1956 சட்டத்திலேயே ரெயின்போ பிரிட்ஜுக்குப் பாதிப்பு வராமல் பாதுகாக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அதற்குத் தடுப்பணை கட்டப் பணம் ஒதுக்க நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. சூழலியல் அமைப்புகள் வழக்குப் போட்டு 1973இல் கீழ் நீதிமன்றத்தில் வென்று, அதே ஆண்டு மேல்முறையீட்டில் தோற்றன. அடுத்த ஆண்டு நவஹோ மக்களே நீதிமன்றம் போனார்கள். சடங்குகள் நடத்தும் பெரியவர்கள் உள்ளிட்ட எட்டுப் பேர், ஷாண்டோ, நவஹோ மலை, இன்ஸ்கிரிப்ஷன் ஹவுஸ் ஆகிய மூன்று ஊர்ச் சபைகள். பதோனி எதிர் ஹிகின்சன் என்று அந்த வழக்குக்குப் பெயர். தண்ணீர் எங்கள் தெய்வங்களை மூழ்கடித்துவிட்டது, படகில் வருகிறவர்கள் குடித்துக் கூச்சலிட்டுக் குப்பை போடுகிறார்கள், சடங்கு செய்ய முடியவில்லை என்பது முறையீடு. அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், பீர் குடிப்பதைத் தடை செய்யுங்கள், சடங்கு நாட்களில் மட்டும் அந்த இடத்தைச் சிறிது நேரம் மூடுங்கள்.

1977இல் மாவட்ட நீதிமன்றம் சொன்ன பதில் இந்த வலைப்பூவின் வாசகர்களுக்குப் பழகிய குரலில் இருக்கும். அந்த நிலத்தில் உங்களுக்குச் சொத்துரிமை இல்லை, எனவே வழக்கு நிற்காது. நம் மொழியில் சொன்னால், பட்டா எங்கே? 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பட்டாவைக் கேட்கவில்லை. மத உரிமை நிலவுரிமையைப் பொறுத்ததல்ல என்று ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டு, ஏரியை இந்த மட்டத்தில் வைத்திருப்பதில் அரசுக்கு உள்ள தண்ணீர், மின்சார நலன் அதைவிடப் பெரிது என்று தீர்த்தது. சுற்றுலாப் பயணிகளைக் கட்டுப்படுத்தும் கோரிக்கைக்கு இன்னொரு பதில்: அப்படிச் செய்தால் அரசு ஒரு மதத்துக்குச் சலுகை காட்டியதாகிவிடும், மதச்சார்பின்மை கெட்டுவிடும். கோயிலுக்குள் தண்ணீரை விட்டது மதச்சார்பற்ற செயல், தண்ணீரை ஓரடி இறக்கச் சொல்வது மதச் சலுகை. 1981இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்து வழக்கு முடிந்தது.

1990களில் தேசியப் பூங்கா சேவை கொஞ்சம் இறங்கிவந்தது. பழங்குடிகளோடு பேசி, தயவுசெய்து வளைவின் அடியில் நடக்காதீர்கள் என்று ஓர் அறிவிப்புப் பலகை வைத்தது. தடை கிடையாது, வெறும் வேண்டுகோள். அந்த வேண்டுகோளை எதிர்த்தும் இயற்கை வளைவுகளை ரசிப்போர் சங்கம் ஒன்று நீதிமன்றம் போனது. தள்ளுபடியானது என்பது ஆறுதல். ஆனாலும் ஒரு ‘தயவுசெய்து’ கூட ஒருவருடைய உரிமையைப் பறிப்பதாகத் தோன்ற வேண்டுமென்றால், அவர் தன் வாழ்நாளில் எத்தனை கதவுகள் திறந்தே இருக்கக் கண்டிருக்க வேண்டும்!

ஏரியிலிருந்து யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க, பேஜ் ஊருக்குப் பக்கத்தில் நின்ற நவஹோ அனல்மின் நிலையம் போதும். நவஹோ நிலம், பிளாக் மேசாவின் நிலக்கரி, குளிர்விக்க லேக் பவல் தண்ணீர். 2,250 மெகாவாட். அந்த மின்சாரத்தின் ஒரு பெரும்பங்கு கொலராடோ தண்ணீரை மலையேற்றி ஃபீனிக்ஸ், டூசான் நகரங்களுக்குத் தள்ளும் பம்புகளை ஓட்டியது. மின்கம்பிகள் செல்லும் வழியில் ஆயிரக்கணக்கான நவஹோ வீடுகளில் விளக்கில்லை. அதே சமயம், நூற்றுக்கணக்கான நவஹோ, ஹோப்பி குடும்பங்களுக்கு அந்த நிலையமும் சுரங்கமும்தான் சம்பளம். 2019இல் மூடியபோது அங்கே கொண்டாட்டமும் இருந்தது, கண்ணீரும் இருந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆன்டிலோப் பாயிண்ட் படகுத்துறை இன்று நவஹோ நிலத்தில் இயங்குகிறது. அங்கே படகு கட்டும் இளைஞரிடம் போய், ஏரியை வடித்துவிடலாமா என்று கேட்டால் அவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விலகல். 1990களில் ஏரியின் சில கரைகளில் மலக்கிருமி அளவு ஏறி, குளிக்கவே தடைபோட வேண்டியதாயிற்று. பிறகு வந்த விதி இது: கழிவறை இல்லாத கரையில் தங்குகிறவர் கையோடு ஒரு பெட்டிக் கழிவறை கொண்டுவர வேண்டும், தன் கழிவைத் தானே திருப்பி எடுத்துப்போய் அதற்கான நிலையத்தில் கொட்ட வேண்டும். லட்சக்கணக்கில் செலவழித்து வருகிறவருக்கும் அதே விதி, யாரும் அதை இழிவாக நினைப்பதில்லை. மலத்தை யார் சுமப்பது என்பது பிறப்பிலேயே முடிவாகும் நாட்டிலிருந்து படிக்கும்போது, அந்த ஏரியின் நூறு விதிகளில் இந்த ஒன்றில் கண் நின்றுவிடுகிறது.

2000க்குப் பிறகு வறட்சி ஏரியை இறக்கத் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் நீர்மட்டம் 3,520 அடி அளவுக்கு, நிரம்பிய பிறகு காணாத தாழ்வுக்கு வந்தது. கொள்ளளவில் கால்பங்கு கூட இல்லை. படகிறக்கும் சரிவுப் பாதைகள் தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் முடிந்தன. பாறைச் சுவர்களில் சுண்ணாம்பு அடித்தாற்போல் ஒரு வெள்ளைக் கோடு, தண்ணீர் எங்கே நின்றது என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. மூழ்கிய கிளைப் பள்ளத்தாக்குகள் சில வெளியே வந்து, வண்டலில் காட்டாமணக்கு போல எதுவும் முளைக்காமலில்லை, வில்லோவும் காட்டன்வுட்டும் தளிர்க்கின்றன. செய்திகள் எல்லாம் படகுச் சுற்றுலாவின் நட்டத்தையும் நகரங்களின் பயத்தையும் பேசின.

அதே 2023 ஜூன் 22ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரிசோனா எதிர் நவஹோ தேசம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நவஹோ நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லை. வேனின் பின்னால் தொட்டி வைத்துப் பல மைல் ஓட்டிப்போய்த் தண்ணீர் பிடித்துவருகிறார்கள். 2020 மே மாதம் கொரோனா தொற்று விகிதத்தில் நவஹோ தேசம் நியூயார்க்கையே தாண்டியபோது, அடிக்கடி கைகழுவுங்கள் என்று அரசு சொன்னது அவர்களுக்கும்தான். அவர்கள் நீதிமன்றத்தில் கேட்டது தண்ணீர் கூட இல்லை. 1868 ஒப்பந்தப்படி எங்களுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று கணக்கெடுத்து, கொடுப்பதற்கு ஒரு திட்டம் போடச் சொல்லுங்கள் என்றார்கள். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். நிலத்தோடு தண்ணீர் உரிமையும் உண்டு, ஆனால் அதைத் தேடிக் கொடுக்க அரசு முனைய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லை என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. மாற்றுத் தீர்ப்பெழுதிய நீதிபதி கோர்சச், ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் இந்த வரிசை இல்லை, அந்த வரிசை என்று மாற்றி மாற்றி நிறுத்தப்படும் ஆளோடு நவஹோ மக்களை ஒப்பிட்டார். முதியோர் உதவித்தொகை மனுவோடு தாலுகா அலுவலகத்தில் யாருக்காவது துணைக்கு நின்ற சமூகப் பணியாளருக்கு இந்த உவமையை விளக்கத் தேவையில்லை.

ஆற்றுத் தண்ணீரில் பழங்குடிகளுக்குச் சட்டப்படி சேர வேண்டியது கிட்டத்தட்ட கால்பங்கு. 2007இல் பற்றாக்குறைக் காலத்துக்கான விதிகளை மாநிலங்கள் வகுத்தபோதும் அவர்கள் மேசையில் இல்லை. 2024இல் நவஹோ, ஹோப்பி, சான் ஹுவான் தெற்குப் பையூட் ஆகிய மூன்று மக்களும் அரிசோனாவோடு ஒரு தண்ணீர் உடன்படிக்கைக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 500 கோடி டாலர் திட்டம். லேக் பவலிலிருந்து குழாய் போட்டு உள்ளூர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவது அதில் ஒரு பகுதி. பையூட்டுகளுக்குச் சுமார் 5,400 ஏக்கரில் சொந்த ஒதுக்கிடம் கிடைப்பது இன்னொரு பகுதி. இரண்டும் நடக்க அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பணமும் ஒதுக்க வேண்டும்.